கடற்கன்னி படம் சுமார்தான்

அந்தக் கடற்கன்னி கார்ட்டூன் படத்தைப் பற்றி என் கருத்து இன்றும் அதேதான்: சுமார். தண்ணீரை நன்றாக வரைந்திருந்தார்கள். பாட்டுகள் பரவாயில்லை. ஆனால் ஒரே ஒரு தடவை முகம் பார்த்தவனுக்காகக் குரலை விற்றுக் கால் வாங்குகிற பெண்ணோடு என்னால் ஒட்ட முடியவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் காபி ஆறுவதற்குள் சம்மதம் சொன்னவன் நான் என்பதை மனைவி அப்போதே நினைவுபடுத்தினாள்.

படத்தைக் கொண்டுவந்தவளும் அவள்தான். சுனாமி வந்து இரண்டாவது வருஷம் அது. அந்தமானில், சௌல்தாரி கிராமத்தில் எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் தப்பித்தது. கீழே வயலுக்குள் புகுந்த கடல் மட்டும் திரும்பிப் போகவில்லை. மகளுக்கு ஏழு வயது. படகு, ஹேவ்லாக் தீவு என்று பேச்செடுத்தாலே கட்டிலுக்கடியில் போய்விடுவாள். மைத்துனனுக்கோ ராமநாதபுரத்தில் கல்யாணம். மெயின்லேண்டுக்குக் கப்பலில் மூன்று நாள். விமானத்தை நாங்கள் அண்ணாந்து பார்ப்பதோடு சரி.

கடலை அழகாகக் காட்டினால் பயம் தெளியும் என்று மனைவி போர்ட் பிளேர் கடையொன்றில் அந்த சிடியை வாங்கி வந்தாள். கடலுக்குப் பயந்த பிள்ளைக்குக் கடலையே மருந்தாகக் கொடுக்கும் யோசனை தீவுக்காரர்களுக்குத்தான் வரும். எனக்கும் அது பிரமாதமாகப் பட்டது.

படம் இந்தியில். மகளுக்குப் புரியட்டும் என்று நான் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"அப்பா, சுப் ரஹோ நா, பேசாம இரு. அவ அப்படிச் சொல்லவே இல்ல" என்றாள் தெருவெல்லாம் இந்தி பேசி வளர்ந்த மகள்.

படம் முடிந்ததும் மனைவி ஆரம்பித்தாள்: "பாத்தியாடி, கடலுக்குள்ள எவ்வளவு அழகா இருக்கு?"

"அழகாத்தான் இருக்கு. அப்புறம் ஏன் அவ கரைக்கு வந்துட்டா? கடல்ல பொறந்தவளுக்கே கடல் வேணாம். என்னை மட்டும் ஏன் கப்பல்ல ஏத்துறீங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள். "அலமாரி அலமாரியா படிச்சிருக்கீங்களே, ஏதாவது பதில் சொல்லுங்க."

"படம் சுமார்தான்" என்றேன். அன்று இருவருமே என்னோடு பேசவில்லை.

கப்பல் நாளன்று பெட்டிகளோடு துறைமுகத்துக்குப் போனோம். கப்பல் ஏணியைக் கண்டதும் மகள் என் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை, நகரவுமில்லை.

"நானும் போகல. தம்பிகிட்ட ஃபோன்ல சொல்லிக்கிறேன்" என்று மனைவி தன் பெட்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

மகள் சற்று நேரம் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு தூக்க முடியாமல் அதை அம்மா பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ போம்மா. அலை வந்தா மேல் மாடிக்கு ஓடிடு. மாமாகிட்ட எனக்குப் பயம்னு சொல்லாத. காய்ச்சல்னு சொல்லு."

மனைவியை ஏற்றிக்கொண்டு கப்பல் நகர்ந்த பின் மகள் கேட்டாள்: "நடுக்கடல்ல ஃபோன் வருமா?"

"வராது."

"அப்போ வீட்டுக்குப் போய்ப் படம் போடு."

மூன்று நாளில் ஏழு தடவை பார்த்தோம். நான் ஒரு வார்த்தையும் மொழிபெயர்க்கவில்லை. எட்டாவது தடவை ஓடிக்கொண்டிருந்தபோது சென்னையில் கரையிறங்கிய மனைவியின் ஃபோன் வந்தது. மகள் ஒரு நிமிஷம் கேட்டாள். "சரி, வைம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து என் மடியில் தலை வைத்தாள். அடுத்த பாட்டுக்குள் தூங்கிப்போனாள். எழுந்து டிவியை அணைக்க வழியில்லாமல் மிச்சப் படத்தையும் நானே உட்கார்ந்து பார்த்தேன்.