கேட்டுக்காரர் பாட்டின் கடைசிச் சரணம்

பிரிக்பீல்ட்ஸில் நான் அச்சுக் கோத்துக்கொண்டிருந்த காலத்தில், கிள்ளான் ரயில் போகும் தண்டவாளத்தில் கேட்டைத் திறந்து மூடும் வேலையில் ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். கல்யாணம் ஆகாதவர். கடலுக்கு இந்தப் பக்கம் அவருக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. ஊரே அவரைக் கேட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டது. தானே பாட்டுக் கட்டி, தானே மெட்டுப் போட்டுப் பாடுவார். கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை மெல்லும் நேரத்தில்தான் அவரைப் பாடச் சொல்வார்கள். பாதிப் பேர் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். நானும் பேசியவன்தான்.

ஒரு பாட்டுக்கு மட்டும் வாயை மூடுவேன். தைப்பூசத்தன்று பத்துமலை முருகன் கோயிலுக்குக் கூடுதல் ரயில் விடுவார்கள். அதனால் அன்றைக்கு அவருக்கு லீவு கிடைக்கவே கிடைக்காது. பதினைந்து வருஷம் இந்த நாட்டில் இருந்தும் ஒரு தைப்பூசம்கூடப் பார்க்காத மனிதர். அதைத்தான் சிந்தாகக் கட்டியிருந்தார்.

ஊரையெல்லாம் ரயிலேற்றி அனுப்பிவைத்தேன், முருகா – எனக்கு
ஒருநாள் லீவு துரையிடத்தில் கேட்டுவாங்கு, முருகா!

கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, காகிதச் செலவு தன்னுடையது, புத்தகமாகப் போடுங்கள் என்றார். எட்டுப் பக்கம். கேட்டுக்காரருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் அச்சகத்துக்கு வந்து ஒரு காலி மசிப் பெட்டியின்மேல் உட்கார்ந்து பாடினார். நான் பென்சிலால் எழுதிக்கொண்டேன். கடைசியில், நான் அதுவரை கேட்டிராத ஒரு சரணம் வந்தது. சிந்து கட்டுகிறவர்கள் கடைசிச் சரணத்தில் தம் பெயரை வைப்பது வழக்கம். அவரும் வைத்திருந்தார்.

"இது புதுசா இருக்கேண்ணே?" என்றேன்.

"நேர்ல பாடுறப்ப ஆளைப் பாக்குறாங்க, பேரு எதுக்கு? புஸ்தகத்துல ஆளு தெரியாதுல்ல தம்பி. அதான்."

எட்டுப் பக்கமும் கோத்து முடித்த பிறகு மளிகைக் கடைக்காரர் ஆள் அனுப்பினார். கடைசிப் பக்கத்தில் தம் கடை விளம்பரம் பெரிதாக வரவேண்டுமாம். முதலாளி என்னிடம், "ஏதாச்சும் ஒரு சரணத்தை எடுத்துடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். எந்தச் சரணம் என்று அவர் சொல்லவில்லை. நடுவிலிருந்து ஒன்றை எடுத்தால் அதற்குப் பிறகு வரும் பக்கங்களையெல்லாம் நகர்த்திக் கட்டவேண்டும். கடைசியை எடுத்தால் ஒரு வேலையும் இல்லை. கடைசியை எடுத்தேன். எழுத்துகளைப் பிரித்து அதனதன் அறையில் போட்டேன். இதற்குச் சோம்பல் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

புத்தகம் வாங்க அவர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மசி ஒட்டிவிடுமோ என்று இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எம் பேரு எங்க இருக்கு, காட்டுங்க தம்பி."

சொல்லிவிடத்தான் நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கொட்டை எழுத்தில் இருந்த கடையின் பெயரில் விரலை வைத்து, "இங்க" என்றேன்.

"இவ்ளோ பெருசாவா போட்டீங்க?" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. அடுத்த பதிப்பில் சரிசெய்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த பதிப்பு வரவே இல்லை.

இரண்டு வருஷம் கழித்துக் காய்ச்சலில் போய்விட்டார். மூன்றே நாள். ரயில்வேக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் நானும் சுடுகாட்டில் நின்றோம். காரியம் செய்யவந்த பண்டாரம், "பேரைச் சொல்லுங்க" என்றார். யாருக்கும் தெரியவில்லை.

அவருக்குக் கஞ்சிரா வாசித்தவர்தான், "புஸ்தகம் போட்டவராச்சே, கடைசி அடியில பேரு இருக்கும்லா" என்று சொல்லி, ரயில்வேக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். தகரப் பெட்டியில் துணிக்குள் சுற்றிவைத்திருந்த புத்தகம் வந்தது. கஞ்சிராக்காரர் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். மளிகைக் கடையின் பெயர்மேல் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. ஒன்றல்ல, பழையதும் புதியதுமாக ஒன்றின்மேல் ஒன்றாகப் பல பொட்டுகள்.

"என்ன மனசு பாருங்க! தன் பேரைப் போட்டுக்கலை, காகிதம் குடுத்தவரு பேருக்குப் பொட்டு வச்சிருக்காரு" என்று சொல்லி அவர் அழுதார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கதானே கோத்தீங்க, உங்களுக்கு நெனவிருக்கா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லண்ணே" என்றேன். அது உண்மைதான். என் கையால் எழுதி, என் கையால் கோத்த பெயர். எவ்வளவு முட்டியும் நினைவுக்கு வரவில்லை. பென்சிலால் எழுதிய தாளும் எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது. ஆனால் நான் சொல்லவேண்டியிருந்தது அது அல்ல. பண்டாரம் கேட்டுக்காரர் என்றே சொல்லிக் காரியத்தை முடித்தார்.

மறுநாள் ரயில்வே ஆபீசுக்குப் போய் விசாரித்தேன். அவருக்கு முன்னால் அந்தக் கேட்டில் வேலை பார்த்தவரின் பெயரையே பதிவில் அப்படியே விட்டிருந்தார்கள். நம்பர் சரியாக இருந்தால் போதுமாம்.

இன்றும் தைப்பூச ரயிலில் அந்தப் பாட்டைப் பாடுகிறார்கள். யார் கட்டியது என்று எவராவது கேட்டால், பெயரே வேண்டாமென்று இருந்த ஒரு பெருந்தன்மைக்காரர் என்று சொல்கிறார்கள். நானும் அதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அவர் பெயர் வேண்டாமென்று இருந்தவர் அல்ல. ஆசை ஆசையாக அதைப் பாட்டில் வைத்தவர். அந்தப் பொட்டெல்லாம் அவர் தன் பெயருக்கு வைத்தது.