நாலு அங்குலம்

தொண்ணூறுகளில், கனடாவில் ஸ்காபரோவில் இருந்தபோது, பெரிய ஜீப் ஒன்று வாங்கினேன். பனியைச் சாட்டாகச் சொல்லி, அதற்குப் பெரிய டயர் போட்டு, நாலு அங்குலம் உயர்த்தவும் தீர்மானித்தேன்.

"வீட்டில ஆர் ஆர் ஏறுறவை?" என்று கராஜ்கார அண்ணை கேட்டார்.

"நான்தானே ஓடப்போறன். வடிவா உயர்த்துங்கோ, அண்ணை."

மனைவிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. அதை நான் அண்ணையிடம் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டோம். சேலையோடு மூன்று முறை முயன்றும் அவளால் ஜீப்பில் ஏற முடியவில்லை. தூக்கிவிடப் போனேன்.

"விடுங்கோ, சனம் பாக்குது. நான் பஸ்ஸில வாறன்."

தெருமுனையில், பஸ் சாரதி தன் இருக்கையை விட்டு இறங்கி வந்து, கைகொடுத்து அவளை ஏற்றினார். மண்டபம் வரை நான் அந்த பஸ்ஸின் பின்னாலேயே போனேன். உயரத்தில் இருந்ததால், பின்கண்ணாடி வழியே அவளுடைய தலை நன்றாகத் தெரிந்தது. அவள் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமையே ஜீப்பைப் பழைய உயரத்துக்கு இறக்கினேன். மாலையில் அவள் தானாகவே ஏறி இருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"பெல்ட் போட்டாச்சோ?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றாள். இன்றுவரை அந்த மன்னிப்பை நான் கேட்கவில்லை.