நாற்பது நிமிடம் காத்திருந்தவன்

அலுவலகத்தில் அவனுக்குப் பஞ்சாயத்து என்று பெயர். ஒரு நிறுவனத்தின் கணினிகளை யாரோ பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் பணம் வை என்று மிரட்டினால், முகம் தெரியாத அந்தத் திருடர்களோடு உட்கார்ந்து பேரம் பேசுவது அவன் வேலை. ஆறு வருடமாக அதைத்தான் செய்தான். திருடர்களின் கோபத்தைத் தணிப்பான், கெடுவை இரண்டு நாள் தள்ளிவைப்பான், கேட்டதில் பாதியைக் குறைத்துவிடுவான். மாதம் ஒருமுறை சின்னச் சின்ன நிறுவனங்களின் ஆட்களை வரவழைத்து வகுப்பும் எடுப்பான். வாத்தியார் என்றால் அப்படியொரு வாத்தியார். "ஓடிட்டிருக்கிற மிஷினைப் பாதியில நிறுத்தாதீங்க. வேலை முடியட்டும், அப்புறம் கை வைங்க" என்பதை மூன்று தடவையாவது சொல்லாமல் விடமாட்டான்.

இந்த யோக்கியன்தான் திருடர்களோடு சேர்ந்துகொண்டான்.

எப்படிச் சேர்ந்தான் என்று கேட்டால் சொல்வதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. வீட்டில் அடுப்பு எரியாமல் இல்லை, யாருக்கும் தீராத நோயும் இல்லை. பக்கத்து இருக்கைக்காரன் ஒரு மதியம் டீ குடிக்கும்போது, "வருஷம் பூரா அவனுங்க பங்கை நாமதான் பேசி முடிச்சுக் குடுக்கிறோம். கடைசியில நமக்கு வெறும் சம்பளம்" என்றான். பூட்டுகிற மென்பொருளை ஒரு கும்பல் வாடகைக்கு விடுகிறதாம். கிடைப்பதில் கும்பலுக்கு ஒரு பங்கு, மீதி உள்ளே நுழைகிறவனுக்கு. பஞ்சாயத்து சிரித்துவிட்டு எழுந்து போனான். மூன்றாம் நாள் அவனாகவே போய் அந்தப் பேச்சை எடுத்தான். பிற்பாடு இதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசியது. யாரும் அவன் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

முதல் இரண்டு நிறுவனங்களும் எங்கோ தொலைவில் இருந்தவை, அவனுக்கு வெறும் எண்கள். மூன்றாவது, செயற்கைக் கால்கள் செய்கிற ஒரு பட்டறை. இரண்டு வருடங்களுக்கு முன் அவனுடைய அலுவலகமே அந்தப் பட்டறையின் கணினிகளைச் சோதிப்பதற்காக ஒரு வழியைத் திறந்து, வேலை முடிந்ததும் அடைக்க மறந்திருந்தது. பழைய கோப்புகளைப் புரட்டியபோது அது அவன் கண்ணில் பட்டது. ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு, பட்டறை ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பிய நேரம் பார்த்து, அந்த வழியாகவே உள்ளே போனான். இனி ஒரு பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. அப்போதுதான் செதுக்கும் இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது திரையில் தெரிந்தது. இடது கால், வயது ஒன்பது, முடிய இன்னும் நாற்பது நிமிடம்.

கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். இயந்திரம் நின்ற பிறகுதான் பூட்டினான். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் தன்னைத் தானே மெச்சிக்கொண்டான். வேறு எவனாக இருந்தாலும் இதைச் செய்திருப்பானா? மனிதனுக்கு எதில்தான் பெருமை வரும் என்று கணக்கே இல்லை.

மறுநாள் காலையில் பட்டறைக்காரர்கள் அலறியடித்துக்கொண்டு உதவி கேட்டது அவன் அலுவலகத்தைத்தான். மேலாளர் யோசிக்கவே இல்லை. "பஞ்சாயத்தை அனுப்புங்க" என்றார்.

பட்டறையில் பிளாஸ்டர் மாவு படிந்த அலமாரி முழுக்கப் பாதங்கள், அளவு வாரியாக. வாசலில் நீள பெஞ்சில் அளவு கொடுத்துவிட்டுப் போனவர்கள் மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அறுநூறு பேருடைய அளவுகள் பூட்டிக் கிடந்தன. அங்கே கணினி என்று இருந்த அத்தனைக்கும் ஒரே ஆள், ஐம்பது வயதைத் தாண்டியவர். காவலாளி முதல் எல்லாருக்கும் அவர் கம்ப்யூட்டரண்ணன். இவனைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"என்னை மறந்திருப்பீங்க சார். போன வருஷம் உங்க கிளாஸுக்கு வந்திருந்தேன், கடைசி வரிசை" என்று ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். அவன் சொன்னது எல்லாம் அதில் தேதி போட்டு எழுதியிருந்தது. முக்கியமானதற்குச் சிவப்பு மையில் அடிக்கோடு.

அவன் நோட்டைப் படிப்பதுபோல் தலை குனிந்துகொண்டான்.

அன்று முழுக்கப் பேரம் நடந்தது. எதிர்முனையில் திருடனாக இருந்து பேசியது பக்கத்து இருக்கைக்காரன். காய்ச்சல் என்று விடுப்பு எடுத்திருந்தான். இந்தக் கூத்தை யாரிடம் சொல்லிச் சிரிப்பது? தன் பங்கையே குறைக்கச் சொல்லிப் பஞ்சாயத்து கெஞ்சி எழுத, பட்டறையின் முதலாளியம்மா பின்னால் நின்று, "நல்லாப் பேசுறீங்க தம்பி" என்று பாராட்டினார்.

பணம் போனது, பூட்டு திறந்தது. கம்ப்யூட்டரண்ணன் உடனே கணினிப் பதிவுகளைப் பார்க்க உட்கார்ந்தார். பார்த்ததை மறைக்கத் தெரியாத மனிதர், முதலாளியம்மாவை வைத்துக்கொண்டே சொன்னார்.

"அவன் அஞ்சு மணிக்கே உள்ள வந்துட்டான் சார். எந்த வழியா வந்தான்னுதான் தெரியலை. அஞ்சு நாப்பது வரைக்கும் சும்மா இருந்திருக்கான். அந்தப் பாப்பாவோட கால் முடியட்டும்னு காத்திருக்கான். திருடனா இருந்தாலும் யாரோ நல்ல வாத்தியார்கிட்ட படிச்சவன் போல."

அவன் சட்டென்று முதலாளியம்மாவைப் பார்த்தான். அவர் பார்வை அவன் பக்கம் திரும்பவில்லை. கம்ப்யூட்டரண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவனைத் தனியே அழைத்தார்.

"வெளியில இருந்து வர்ற திருடனுக்கு எங்க மிஷின் மேல என்ன தம்பி அக்கறை? அது மேல அக்கறைப்படுற ஆள் இந்தக் கட்டடத்துல ஒருத்தர்தான். உள்ளாள் வேலையா, வெளியாள் வேலையான்னு அறிக்கையில எழுதிக் குடுங்க. அது போதும் எனக்கு."

அவன் பெருமைப்பட்டுக்கொண்ட அந்த நாற்பது நிமிடம் ஒரு அப்பாவியின் தலையில் போய் விடிந்திருந்தது.

வெளியாள் என்று ஒரு வார்த்தை எழுதினால் அந்த மனிதர் தப்பிப்பார். எழுதினால், எந்த வழியாக வந்தான் என்று காட்ட வேண்டும். அந்த வழி நேராக அவன் அலுவலகத்தில், அவன் நாற்காலியில் வந்து முடியும். அரை நாள் யோசித்து, 'உறுதியாகக் கூற இயலவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். இதில் யாருக்கும் பாதகமில்லை என்று தனக்குத் தானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டான். கோழை எழுதுகிற வாக்கியத்துக்கு எப்போதுமே அப்படி ஒரு நடுநிலைமை இருக்கும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகளின் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டரண்ணன் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், என்னை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. போலீஸுக்குப் போகலைங்கிறதே பெரிய தயவுன்னு சொன்னாங்க. உங்களுக்கு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். எல்லாரும் நான்தான்னு முடிவே பண்ணிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் சார் அப்படி எழுதலை."

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"வேலை போனா போகுது சார், வேற பாத்துக்கலாம்" என்றார் அவர். "என் வீட்டுக்காரிதான்... வாய் திறந்து ஒண்ணும் கேக்கலை. ஆனா சோறு போடும்போது ஒரு மாதிரி பாக்குறா. இருபத்தாறு வருஷத்துல அப்படிப் பாத்ததில்லை."

பக்கத்து அறையில் அவன் மனைவி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இருவரும் எதற்கோ சிரித்தார்கள். ஆறு வருடம் திருடர்களோடு வார்த்தையை அளந்து பேசியவனுக்கு அன்று அளந்து பேச ஒன்றும் அகப்படவில்லை.

"அந்த மிஷின் முடியட்டும்னு காத்திருந்தது நான்தான்" என்றான்.

அவர் புரியாமல் இருக்கிறாரோ என்று திரும்பவும் சொன்னான். "நான்தாண்ணே. உள்ள வந்தது, பூட்டினது, எல்லாம் நான்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவர் பேசியபோது அதில் சார் இல்லை.

"போலீஸ்ல அப்புறம் சொல்லிக்கோ. முதல்ல என் வீட்டுக்காரிகிட்ட சொல்லு. இரு, வெச்சிடாத."

செருப்புச் சத்தம் நடந்து போனது. ஒரு கதவு திறந்தது. குழாயில் தண்ணீர் விழும் ஓசை நின்றது. கையைத் துடைத்துக்கொண்டே ஒரு பெண்மணி தொலைபேசியை வாங்கினார்.

"யாருங்க, சொல்லுங்க" என்றார்.