துக்கப் பாட்டுக்குக் கை தட்டாதவர்

இரண்டாவது வரிசையில் சுவரோரமாகக் கிடக்கும் கதிரையை ஒரு சாண் இடப்பக்கம் இழுத்துப் போட்டுவிட்டுத்தான் அன்னமுத்து உட்காருவார். பாடுகிறவரின் முகம் மறைந்தாலும் அவருக்குப் பரவாயில்லை. கிற்றாரின் கழுத்தைப் பிடித்திருக்கும் கை தெரிய வேண்டும். "மூஞ்சியில என்ன கிடக்கு? விரலையெல்லோ பாக்கவேணும்" என்பார். பதினொரு வருடமாக நண்டுக் கொம்பனியில் நண்டின் ஓட்டை உடைத்துச் சதை எடுக்கிற பெண் வேறு எதைப் பார்ப்பார்?

அவர் பாட்டுக் கேட்க வரும் கரம்பொன் கிராமத்துக் கொட்டகை ஒரு காலத்தில் படகு திருத்திய இடம். இருபத்தெட்டு வருடம் கனடாவில் இருந்துவிட்டு ஊருக்கு வந்த ஜோர்ஜ், தகப்பனின் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்து, முப்பது கதிரைகளைப் போட்டு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குக் கச்சேரி வைக்கிறார். வயலின், மிருதங்கம் எல்லாம் கிடையாது. ப்ளூஸ் என்கிற, அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழைய பாட்டுகள். பருத்தித் தோட்டத்தில் முதுகொடியப் பாடுபட்டவர்களின் துயரம் இது என்று ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று விளக்குவார். மேடை இல்லை, ஒலிவாங்கி இல்லை. பாடுகிறவரின் முழங்காலும் முன்வரிசைக்காரரின் முழங்காலும் முட்டாத குறை.

அன்னமுத்துவை யாரும் அழைக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். "ஆரோ குழறுகினம் எண்டுதான் இறங்கினனான்." எட்டிப் பார்த்தால், ஒருவர் விரலில் கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு கிற்றார்க் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றவரை ஜோர்ஜ் உள்ளே கூப்பிட்டு இருத்தினார். அதற்குப் பிறகு ஒரு கச்சேரியையும் அவர் தவறவிட்டதில்லை. வருமுன் தேசிக்காயைப் பிளந்து கையில் தேய்த்துக்கொள்வார். அப்படியும் நண்டு வாடை போகாது. "போகாட்டிப் போகட்டும். பாட்டுக்கு மூக்கில்லைத்தானே!"

ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் முன்னால் குனிந்து ஜோர்ஜைப் பிடித்துக்கொள்வார்.

"ஆருக்கு என்ன நடந்ததாம், அண்ணை?"

"கட்டின மனிசி விட்டிட்டுப் போட்டாவாம்."

"போன மாசம் வந்தவரின்ர மனிசியும் போட்டா. உவையோட ஒருத்தியும் நிக்கமாட்டாளோ?"

இந்தப் பாட்டுகளில் முதல் வரியை இரண்டு தடவை பாடும் வழக்கம் அவருக்கு மிகவும் பிடிக்கும். "அது சரிதான். ஒருக்காச் சொன்னால் ஆர் நம்பப்போகினம்?" கண்ணாடிக் குழாய் ஏன், கால் ஏன் நிலத்தில் தட்டுகிறது, கம்பி அறுந்தால் என்ன செய்வார்கள் என்று அவர் கேட்காத கேள்வி கிடையாது. ஒன்றே ஒன்றைத் தவிர.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளைச் சொல்லும் துயரப் பாட்டுகளை முன்னின்று பாடுகிறவர் அன்னமுத்துதான். அந்தப் பாட்டு முடிந்தால் சனம் தலையைக் குனிந்து, மூச்சுக் காட்டாமல் இருக்கும். பாட்டு நெஞ்சுக்குள் போயிருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் அவருக்குத் தெரியாது. ஆகவே கொட்டகையில் ஒரு துக்கப் பாட்டு முடிந்ததும் ரவுணில் இருந்து வந்த பட்டணத்துக்காரர்கள் படபடவென்று கை தட்டினால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "செத்த வீட்டில ஆரும் கை தட்டுவினமோ?" என்று வாய்க்குள் முணுமுணுப்பார். வளர்ப்புச் சரியில்லை என்று முடிவு கட்டியிருந்தார். தெரிந்த விஷயத்தை யாரிடம் போய்க் கேட்பது?

ரவுண் ஆட்கள் வரவரக் குறைந்தார்கள். தூரம் ஒரு காரணம், புதுமை தீர்ந்துபோனது இன்னொன்று. ஒரு சனிக்கிழமை மொத்தமே ஒன்பது பேர். வெறுங் கதிரைகளை அடுக்கிக்கொண்டே ஜோர்ஜ் சொன்னார்: "இப்பிடியெண்டால் ஏலாது, அன்னமுத்து. பாட வாற ஆக்களும் மனம் முறிஞ்சு போகினம். அடுத்த மாசத்தோட நிப்பாட்டப்போறன்."

அன்னமுத்துவுக்கு ஆறு நாள் நண்டு, ஞாயிறு கோயில், மிச்ச நேரம் குசினியில் அடுப்பு. மாதத்தில் இந்த இரண்டு மணித்தியாலந்தான் அவருக்கென்று இருந்தது. அதையும் விட்டுக்கொடுக்க அவர் ஆயத்தமாக இல்லை. நண்டு மேசையில் கூட வேலை செய்யும் பெண்களையும் கோயில் ஆட்களையும் வீடு வீடாகப் போய்ப் பிடித்தார். கெஞ்சினார், வெருட்டினார். அடுத்த மாதக் கச்சேரிக்கு இருபத்திரண்டு பேரோடு வந்து இறங்கினார். வாசல் படலையடியில் எல்லோரையும் நிறுத்திப் புத்தியும் சொன்னார். "பகிடிப் பாட்டெண்டால் தட்டுங்கோ. துக்கப் பாட்டுக்கு மட்டும் ஒருத்தரும் கை தட்டிப்போடாதேங்கோ. மானம் போயிடும்."

அன்று ரவுணில் இருந்து ஒருவரும் வரவில்லை. பாட வந்தவர் கொழும்பில் இருந்து வந்த ஜெகதீஸ், முப்பது வயதுக்காரர். செத்துப்போன அண்ணனை நினைத்துத் தானே கட்டிய பாட்டு என்று சொல்லித் தொடங்கினார். பாட்டு முடிந்தது. இருபத்திரண்டு தலைகளும் குனிந்திருந்தன. ஒரு சத்தமில்லை. ஜோர்ஜ் தட்டிய இரண்டு தட்டும் தனியாகக் கேட்டு அடங்கின. இரண்டாவது பாட்டும் துக்கம், அதற்கும் அப்படியே. மூன்றாவதை ஜெகதீஸ் அவசர அவசரமாக வாசித்து முடித்தார். "நன்றி" என்று சொல்லிக் கிற்றாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜோர்ஜ் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "முடிஞ்சுது. ஒருத்தருக்கும் பிடிக்கேல்லை எண்டு நினைச்சிட்டார். நாலு பேராவது கை தட்டியிருக்கக்கூடாதோ?"

"நான்தான் தட்டவேண்டாமெண்டனான்" என்றார் அன்னமுத்து, பெருமையாகவே.

ஜோர்ஜ் அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பெருமை வடிந்துபோனது. "கை தட்டினால்தான் பாட்டுக்காரருக்கு மரியாதை, அன்னமுத்து."

"துக்கப் பாட்டுக்குமோ?"

"துக்கப் பாட்டுக்கும்தான்."

அன்னமுத்து வெளியே ஓடினார். ஜெகதீஸ் தான் வந்த வான் வண்டிக்குள் ஏறி இருந்துவிட்டார். அன்னமுத்து கதவைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, கோவிக்காதேங்கோ. என்ர பிழைதான். நீங்கள் உங்கட அண்ணையை நினைச்சுப் பாடினனீங்கள். அதுக்கு நாங்கள் கை தட்டினால், நல்லாச் செத்தார் எண்டு சொல்லுறமாதிரியெல்லோ இருக்கும்?"

ஜெகதீஸ் கிற்றார்ப் பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"உள்ளுக்கு ஒருத்தரும் எழும்பேல்லை. வந்து ஒருக்காப் பாருங்கோ. பிறகு போங்கோ."

ஜெகதீஸ் பெட்டியோடு இறங்கி வந்து வாசலில் நின்று பார்த்தார். இருபத்திரண்டு பேரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். இன்னொருத்தியின் கையில் செபமாலை. பிறகு தன் இடத்தில் போய் இருந்து பெட்டியைத் திறந்தார். அவர் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்ப்பதற்குள் அன்னமுத்து வரிசை வரிசையாகக் குனிந்து சொல்லி முடித்தார். "இந்தமுறை தட்டவேணுமாம். நான் தட்டேக்க நீங்களும் தட்டுங்கோ."

அதே அண்ணன் பாட்டு. கேட்கக் கேட்க அன்னமுத்துவுக்குக் கண் நிறைந்தது. இதற்குப் போய் எப்படிக் கை தட்டுவது? தட்டாமல் விட்டால் கொட்டகைக்குப் பூட்டு விழும். கடைசிக் கம்பியின் ஓசை மெலிந்துகொண்டு போனது. இருபத்திரண்டு பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அன்னமுத்து கைகள் இரண்டையும் உயர்த்தினார். ஜெகதீஸ் அதைக் கண்டார். கம்பிகளின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்து, வேண்டாமென்று தலையசைத்தார்.

அன்னமுத்து கைகளை மடியில் இறக்கிவிட்டுத் தலையைக் குனிந்தார்.