நடு ஷட்டரில் இட்லிக் கடை

தட... தட... தடதடதட... டமார்!

ரயில் எதுவும் கவிழவில்லை. ஒரு கடையின் ஷட்டர், அவ்வளவுதான். போன ஞாயிற்றுக்கிழமை காலை, சயாஜி ராவ் ரோட்டுக்குப் பின்புறச் சந்தில் திரும்பும்போது கேட்டது. கால் தானாக நின்றுவிட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் இதே சந்தில் ஒரு மாடி அறையில் இருந்தேன். அலாரம் வைத்ததே இல்லை. கீழே ஒவ்வொரு கடையாக ஷட்டர் ஏறும். முதலில் பேப்பர் கடை, பிறகு பாத்திரக் கடை, கடைசியாகத் துணிக்கடை. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். சந்து மொத்தமும் எழுந்து உட்கார்ந்து நெட்டி முறிப்பது போல இருக்கும்.

அப்புறம் அந்தச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. மால் வந்தது. சட்டையைப் போனிலேயே வாங்கப் பழகினோம். சந்தின் நடுவில் இருந்த பெரிய கட்டடம், அண்ணன் தம்பிகளின் பாகப்பிரிவினை வழக்கில் பூட்டப்பட்டது. பூட்டிய கடைக்கு முன்னால் குப்பை. குப்பைக்கு முன்னால் பைக்குகள். பைக்குகளுக்குப் பின்னால்... வேண்டாம், அந்த வாசனை உங்களுக்கே தெரியும். உங்கள் ஊர்க் கடைவீதியிலும் இப்படி ஒரு கட்டடம் இருக்கிறதுதானே?

போன வருஷம் எங்களில் சிலருக்கு ரோஷம் வந்தது. எங்கள் தலைவர் வரதன் சார். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். சிரிப்பு வந்தால் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் ஊர்ப் பாஷையான கன்னடம். குப்பையை அள்ளினோம். கல் பெஞ்சு போட்டோம். கட்டடத்தின் மூன்று ஷட்டர்களையும் சேர்த்து ஒரே ஓவியம் வரையவைத்தோம் – ஒரு சந்தைக் காட்சி. இடது ஷட்டரில் வெற்றிலை விற்கும் பெண். வலதில் வாழைப்பழம் விற்கும் பெண். நடுவில், மல்லிகைக் குவியலுக்குப் பின்னால், பட்டத்து ராணி மாதிரி ஒருத்தி.

ஆள் இல்லாத இடத்தில் ஆட்களை வரைந்தோம்!

கூட்டம் வந்தது. செல்ஃபி எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கட்டடங்களைக் காட்ட வரதன் சார் நடத்தும் ஹெரிடேஜ் வாக், இங்கே நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போகும். கட்டடச் சொந்தக்காரர்களில் மூத்தவரே ஒருநாள் வந்து பார்த்தார். மனசு இளகியது. "நடுக் கடையை மட்டும் தர்றேன். தசரா வரைக்கும் பாப்பேன். ஓடலைன்னா பழையபடி பூட்டுதான்" என்றார்.

அப்படி வந்தவர் கனகா. மார்டள்ளி என்கிற தமிழ்க் கிராமத்துக்காரர். கணவருக்குக் கம்பி கட்டும் வேலை. அதுவரை தள்ளுவண்டியில் இட்லி விற்றுக்கொண்டிருந்தார். எங்கே நிறுத்தினாலும் யாராவது வந்து "எடு, எடு" என்பார்களாம். தலைக்கு மேலே கூரையோடு அடுப்பு வைப்பது இதுதான் முதல் தடவை.

கடை திறப்பன்று தேங்காய் உடைத்தோம். கைதட்டினோம். கனகா குனிந்து ஷட்டரைத் தூக்கினார். மல்லிகைக்காரி காலில் இருந்து சுருள ஆரம்பித்தாள். பூ போனது, கை போனது, முகம் போனது. தட்டிக்கொண்டிருந்த கைகள் பாதியில் நின்றன.

எத்தனை கூட்டம் போட்டிருப்போம்! எங்களில் ஒருவர் இன்ஜினியர் வேறு. கடை திறந்தால் ஷட்டர் மேலே போகும் என்பது எங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து கனகாவுக்குத் தலைவலி. "ஒரு நிமிஷம் மூடுங்களேன், போட்டோ எடுத்துக்கறோம்" என்று வருகிறவர்கள் கேட்டார்கள். கடைசியில் வரதன் சாரே கல் பெஞ்சில் உட்கார்ந்து பேச்சை எடுத்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் பத்து மணிக்குத் திறக்கலாமே, கனகா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"பத்து மணிக்கு நான் பாத்தரம் கழுவீட்டு இருப்பனுங்க சார். ரோடு கூட்றவங்க, கடைப் புள்ளைங்க, பஸ்ஸுக்குப் போறவங்க... எல்லாம் வெடியறப்பவே வந்துட்டுப் போயிருவாங்க."

"ஒரு நாள்தானே?"

"அன்னைக்குத்தானுங்க கொஞ்சம் நல்லா ஓடுது."

அதற்கு மேல் கனகா வாதாடவில்லை. சாவி மூத்தவர் கையில். மூத்தவர் காது வரதன் சார் பக்கம். தசராவோ நெருங்கிக்கொண்டிருக்கிறது. "சரிங்க, நீங்க வர்றப்ப கொஞ்ச நேரம் எறக்கி வெச்சிக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் பெஞ்சின் கல்லைத் தடவிக்கொண்டிருந்தேன்.

ஆக, போன ஞாயிறு நான் கேட்டது ஷட்டர் ஏறுகிற சத்தம் இல்லை. இறங்குகிற சத்தம்.

நான் போய்ச் சேர்ந்தபோது வாக் வந்து நின்றிருந்தது. தொப்பி, தண்ணீர் பாட்டில், கழுத்தில் கேமரா. மல்லிகைக்காரி முழுசாக உட்கார்ந்திருந்தாள். வரதன் சார் அவளைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கடைவீதியோட உயிரே இதுதான். பாருங்க, இந்த முகத்துல என்ன ஒரு..."

மல்லிகைக்காரியின் வயிற்றுக்குள்ளிருந்து யாரோ இருமினார்கள்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஒரு டம்ளர் உருண்டது. அப்புறம் ஓர் ஆண் குரல்: "அக்கா, இருட்டுல சட்னின்னு நெனச்சு தண்ணியில தொட்டுட்டேன்!" இன்னொன்று: "இன்னும் எவ்ளோ நேரம்? எனக்கு பஸ் போயிடும்!" ஷட்டரின் அடி இடுக்கில் இட்லி ஆவி மெல்லக் கசிந்து வந்தது. பூக்காரி பெருமூச்சு விடுவது போல இருந்தது.

வாக்கில் வந்திருந்த ஒரு சென்னை அம்மாள் முன்னால் போய் ஷட்டரைத் தட்டினார்.

"உள்ள யாரு?"

"யாருமில்லீங்க!" என்றது கனகாவின் குரல். "நீங்க போட்டா எடுங்க!"

"இட்லி இருக்கா?"

உள்ளே பானை மூடியைத் திறந்து பார்க்கும் சத்தம்.

"இருக்குதுங்க... சாரு இன்னும் தெறக்கச் சொல்லலீங்க."

எல்லார் தலையும் வரதன் சார் பக்கம் திரும்பியது. அவர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு அவரே போய்க் குனிந்து ஷட்டரைப் பிடித்தார். அசையவில்லை. நான் ஒரு பக்கம் கைகொடுத்தேன். தட... தட... மேலே போனது. உள்ளே நாலு பேர், சாப்பாட்டுத் தட்டோடு, போலீஸ் ரெய்டில் மாட்டியவர்கள் மாதிரி கண் கூச நின்றார்கள். சந்தே சிரித்தது.

வரலாறு கேட்க வந்தவர்களுக்கு நல்ல பசி. கல் பெஞ்சு நிறைந்தது. நடைபாதை நிறைந்தது. சென்னை அம்மாள் ஒரு போட்டோ எடுத்துக் காட்டினார். இந்தப் பக்கம் வெற்றிலைக்காரி, அந்தப் பக்கம் வாழைப்பழக்காரி, நடுவில் கரண்டியோடு கனகா. கரண்டி மட்டும் கலங்கியிருந்தது, கை நிற்கவில்லை.

வரதன் சார் மட்டும் சாப்பிடாமல் ஷட்டரின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "நோடி, பாருங்க, இப்பவே மல்லிகை மேல எத்தனை கீறல்! தினம் ஏத்தி எறக்கினா இன்னும் கொஞ்ச நாள்ல ஒண்ணும் மிஞ்சாது."

கனகா இட்லியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "தசரா முடிஞ்சு மூத்தவரு பூட்டீட்டாருன்னா ஒரு கீறலும் உழுகாதுங்க சார்."

குரலில் கோபம் இல்லை. கிண்டல்கூட இல்லை. தட்டை வரதன் சார் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்குத் திரும்பிவிட்டார்.

காலியாகக் கிடக்கும் இடத்தை நேசிப்பது எவ்வளவு சுலபம்! அது எதிர்த்துப் பேசாது. பாத்திரம் கழுவிய தண்ணீரை நடைபாதையில் விடாது. நாம் வைத்த இடத்தில் நாம் வைத்தபடி இருக்கும். அதற்காகக் கவலைப்படுவோம், கூட்டம் போடுவோம், நானோ வசன கவிதையே எழுதுவேன். உயிர் வரட்டும் வரட்டும் என்று கூப்பிடுவோம். அது வேர்த்து விறுவிறுத்து, அடுப்பும் அண்டாவுமாக வந்து இறங்கியதும், 'கொஞ்சம் ஓரமாக நில்லேன், பின்னாலிருக்கும் படம் மறைக்கிறது' என்போம்.

வரதன் சார் நின்றபடியே சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். "சட்னி காரம்" என்றார், தமிழில். அப்புறம், யாரிடமும் இல்லாமல் பொதுவாக: "அடுத்த வாரத்துல இருந்து வாக் சாயங்காலம். கடை சாத்தினப்புறம் படம் பாத்துக்கலாம்." கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். "மூத்தவர்கிட்ட நான் பேசறேன், கனகா. தசராவுக்கு அப்புறமும் இருக்கட்டும்னு சொல்றேன். கேப்பாரான்னு தெரியாது. ஆனா, சொல்றேன்."

கனகா தலையை மட்டும் ஆட்டினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆவியோ, வேர்வையோ... நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகுதான் எனக்குப் பசித்தது. ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். கனகா இட்லிப் பானையைச் சாய்த்துக் காட்டினார். காலி.

"ஐயோ, உங்களுக்கு ஒண்ணுகூட எடுத்து வெக்கலீங்களே!"

"பரவாயில்ல கனகா. வரட்டுமா?"

"நாளைக்கு நேரத்துலயே வந்துருங்கண்ணா. ஷட்டர எறக்கீட்டா அப்பறம் படந்தானுங்க இருக்கும்."