நெரிடா நூல் பிடிக்கிறாள்

நெரிடா பாஸ்கோ தன் பட்டறையில் ஒரு வண்டிக்கு முன்னால் குப்புறப் படுத்திருந்தாள். கன்னம் சிமென்ட் தரையில் பதிந்திருந்தது, ஒரு கண் மூடியிருந்தது. எந்த வண்டியிலும் கை வைப்பதற்கு முன்னால் இப்படிப் படுத்து அதன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்காவிட்டால் அவளுக்கு வேலை ஓடாது. வழி கேட்க வந்த சுற்றுலாக்காரர் ஒருவர் இந்தக் கோலத்தைப் பார்த்து ஆம்புலன்ஸுக்கே போன் போட்டிருக்கிறார்.

“தாடை கோணியிருக்கே, கண்ணு,” என்றாள். டெஸ்ஸிடம் அல்ல, வண்டியிடம்.

வண்டிக்காரன் டெஸ் ஷிர்மர் அரை அடி பின்னால் நகர்ந்தான். வடக்கே இருக்கும் பதினாறு பண்ணைகளுக்கு வாரம் இருமுறை தபால் கொண்டுபோகிறவன் அவன். போக வர நானூறு கிலோமீட்டர் செம்மண் பாதை. கங்காருவுக்கு எந்தப் பக்கம் பாய்வதென்று கடைசி நொடிவரை தெரியாது. முன்னால் கனத்த குழாய் பம்பர் இல்லாமல் அந்தப் பாதையில் போகிறவன் ரேடியேட்டரை உடைத்துக்கொண்டு வெயிலில் உட்கார வேண்டியதுதான். இப்போதிருந்த பம்பரின் வலது முனை நசுங்கி உள்ளே போயிருந்தது. கங்காரு என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தான். மதுக்கடையில் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அது ஒரு சாண் வளர்ந்து, இப்போது அவன் தோளுயரத்துக்கு வந்துவிட்டது.

அது கங்காரு அல்ல. ஐந்து வாரத்துக்கு முன் ஒரு காலையில், ஒரு கையில் இறைச்சி பஃப்ஸும் மறுகையில் ஸ்டீயரிங்குமாக டென்னிஸ் கிளப் மூலையைத் திரும்பியபோது, தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் இரும்புக் காலில் மோதிவிட்டான். தொட்டி அசையவில்லை. சுற்றிலும் யாருமில்லை. பஃப்ஸைத் தின்று முடித்து, தபாலைக் கொண்டுபோய்விட்டான். அன்று சாயங்காலம் அந்தக் கால் மடங்கித் தொட்டி உருண்டு, மைதானம் முழுக்கத் தண்ணீர். அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவள் நெரிடா.

“நான்தான் இடிச்சிட்டேனோ என்னவோ,” என்று அவளே கிளப் தலைவி வெர்னாவிடம் சொல்லியிருக்கிறாள். “ரேடியோ சத்தமா வெச்சிருந்தேன். தெரியலையேம்மா.” இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்துப் புதுக் கால் செய்து, பழையபடியே பச்சை பெயின்ட் அடித்து, நிறுத்தியும் கொடுத்தாள். ஆனால் அவள் சாவியை எடுத்தாலே கிளப்பில் யாராவது, “நெரிடா கிளம்புறா, தொட்டியைப் பிடிங்க!” என்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு மூன்று சனிக்கிழமைகளாக ஆட்டத்துக்கே போகவில்லை. முட்டி வலியாம்.

அந்த முட்டியில்தான் இப்போது துள்ளி எழுந்தாள்.

நெரிடாவுக்கு ஐம்பத்தாறு வயது. சுருட்டை முடியைப் பழைய ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையத்தால் கட்டியிருப்பாள். பம்பர் வேண்டுமென்று வருகிறவர்களிடம் படம் கேட்க மாட்டாள், வண்டி எங்கே போகிறது, யார் ஓட்டுகிறார்கள், எதிரே என்ன வரும் என்றுதான் கேட்பாள். பிறகு பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை வெட்டி, டேப் சுற்றி, பொய்ப் பம்பர் ஒன்றை வண்டியில் கட்டி, ஓட்டுகிறவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு, அதற்கு முன்னால் கவிழ்த்த வாளியில் போய் உட்கார்வாள். “நான் தெரியறேனா?” என்பாள். போன வெள்ளிக்கிழமை டெஸ்ஸுக்கும் இதே பரீட்சை. தன் மூக்குவரை உயரமான பம்பர் வேண்டுமென்று அடம்பிடித்திருந்தான்.

“தெரியறே, தெரியறே.”

“எத்தனை விரல் காட்டறேன்?”

“மூணு.”

“பிஸ்கட் தின்னுக்கிட்டிருக்கேன்டா. பண்ணைக் கேட்ல உன் தபாலுக்காகக் குழந்தைங்க ஓடி வரும். தலை தெரியணும்.” மேல் குழாயை ஒரு சாண் இறக்கிவிட்டாள். அதற்கு மேல் பேச்சில்லை.

வாரக் கடைசிக்குள் இரும்புக் குழாயை வளைத்து, முனைகளை மீன் வாய்போலக் குடைந்து ஒன்றோடொன்று கவ்வ வைத்து, வெல்டிங் முடித்து, கருப்பு பூசிவிட்டாள். இன்று புதன். மாட்ட வேண்டியதுதான் பாக்கி. நாளைக் காலை தபால் கிளம்ப வேண்டும்.

பழைய பம்பரைக் கழற்றித் தரையில் வைத்தாள். திருப்பிப் பார்த்தாள். இடுக்கில் விரலை விட்டு எடுத்தாள்.

“ரோமம் ஒண்ணுகூட இல்லையே.”

“கழுவிட்டேன்,” என்றான் டெஸ்.

“நீயா? கழுவினியா? வண்டியையா?” அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “மழை பேஞ்சாக்கூட நனையாம கூரைக்குள்ள நிறுத்தறவனாச்சே நீ.”

புதுப் பம்பரைச் சங்கிலியில் தொங்கவிட்டு, இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து வண்டியோடு சேர்த்தார்கள். இடது பக்கத் துளைகளில் போல்ட் வழுக்கிக்கொண்டு இறங்கியது. வலது பக்கம் இறங்கவில்லை. ஒரு விரல்கடை விலகியிருந்தது.

மற்றவர்களாக இருந்தால் துளையைப் பெரிதாக்கி அடித்து ஏற்றியிருப்பார்கள். நெரிடா பம்பரை மறுபடி இறக்கினாள். ஜேபியிலிருந்து நூல்கண்டை எடுத்து, பின் அச்சிலிருந்து முன்வரை இரண்டு பக்கமும் நூல் பிடித்தாள். ரசமட்டம் வைத்தாள். சாக்பீஸால் கோடு போட்டாள். கோடு கோடாக அவள் சேசிஸ் என்ற அடிச்சட்டத்தின் வலது முனையை நோக்கி நகர, டெஸ் வெளிச்சத்தை மறைத்து நின்றான். பேச்சை மாற்றலாமென்று மழையைப் பற்றி ஆரம்பித்தான்.

“ரெண்டு வருஷமா பேயாத மழை இன்னைக்கா வரப்போவுது? டார்ச்சைப் பிடி.”

பிடித்தான். தன் குற்றத்துக்குத் தானே வெளிச்சம் காட்ட வேண்டியதாயிற்று.

சேசிஸ் முனையில் ஒரு குழி, கிண்ணத்தால் அழுத்தியதுபோல் வட்டமாக. அவள் துண்டு இரும்புப் பெட்டியைத் துழாவி ஒவ்வொரு குழாய்த் துண்டாக அதில் வைத்துப் பார்த்தாள். முதலாவது சிறியது. இரண்டாவது பெரியது. மூன்றாவது, தொட்டிக் காலுக்கு வெட்டியதில் மிஞ்சியது, அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. பிறகு நகத்தால் ஓரத்தைச் சுரண்டி, நகத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். பச்சை.

நகத்தைத் துடைக்காமலே எழுந்தாள்.

“டீ போடறேன்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

டெஸ் டார்ச்சை அணைக்க மறந்து நின்றான். உள்ளே கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்டது. அவள் வாய்விட்டுக் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. வாசலில் அவளுடைய வண்டி நின்றது. இந்த ஐந்து வாரமாக அவள் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் முதலில் இறங்கி, வண்டியை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு ஏறுவதை அவன் தபால் வண்டியிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறான். பார்க்கும்போதெல்லாம் ரேடியோவைத் திருகிக்கொள்வான்.

இரண்டு கோப்பையோடு அவள் வந்தாள். கோப்பையை வாங்காமலே சொன்னான்: “நான்தான் நெரிடா. அன்னைக்குக் காலையிலயே. தொட்டி விழல, அதனால ஒண்ணும் ஆகலைன்னு நினைச்சேன். அப்புறம் எல்லாரும் உன்னைச் சொன்னாங்க... நீயும் ஒத்துக்கிட்டே... அதுக்கப்புறம் வாய் வரல.”

நெரிடா மெல்ல வாளியில் உட்கார்ந்தாள்.

“அப்போ நான் இல்லையா?”

“நீ இல்ல.”

“நான் இல்ல!” முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. “கண்ணு மங்கிடுச்சு, காது போயிடுச்சுன்னு போர்ட் அகஸ்டா டாக்டர்கிட்ட நாள் குறிச்சு வெச்சிருக்கேன்டா! நான் இல்ல!” அவள் சிரிப்பதைப் பார்த்து டெஸ்ஸும் சிரிக்க ஆரம்பித்தான். அதுதான் தப்பாகப் போயிற்று. வெல்டிங் கையுறை ஒன்று பறந்து வந்து மூக்கில் விழுந்தது. இன்னொன்று காதில்.

“அஞ்சு வாரம், டெஸ்மண்ட் ஷிர்மர்! நீ சாய்ச்ச தொட்டிக்கு நான் கால் செஞ்சிருக்கேன்! ரெண்டு கோட்டிங் வேற!”

“வெர்னாகிட்ட நீயே ஒரு வார்த்தை—”

“நான் எதுக்குச் சொல்லணும்? இடிச்சவன் வாய் எங்க போச்சு?” தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள். “சரி, அந்த ஜாக்கியை எடு. நாளைக்கு ஜனங்க தபாலுக்கு உக்காந்திருக்கும்.”

சேசிஸ் முனையைச் சூடுகாட்டி, ஜாக்கி வைத்துத் தள்ளி, நூலோடு நூல் ஒட்டும்வரை நேராக்கினாள். மேலே ஒரு தகடு வைத்து வெல்டிங் செய்து குழியை மூடினாள். மூன்று மணி வாக்கில் வலது பக்க போல்ட்டும் விரலாலேயே இறங்கியது. விளக்கு வெளிச்சம் குழாயில் படாமல் போகிறதா, ரேடியேட்டருக்குக் காற்று வருகிறதா என்று பார்த்தாள். பம்பர் மேல் ஏறி நின்று இரண்டு குதி குதித்தாள். முனகல் இல்லை.

“இனிமே இது உன்னைக் காப்பாத்தும், கண்ணு,” என்றாள். இதுவும் வண்டியிடம்தான்.

சனிக்கிழமை, ஆட்ட இடைவேளையில், எல்லாரும் கேக்கும் தட்டுமாக நிழல்கூரைக்குக் கீழே இருந்தபோது டெஸ் மைதானத்தின் நடுவில் போய் நின்று சொன்னான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பஃப்ஸ் உட்பட எதையும் விடாமல் சொன்னான். வெர்னா கேக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நேரே நெரிடாவிடம் போய்க் குனிந்து அவள் காதில் என்னவோ சொன்னாள். நெரிடா அவள் முதுகைத் தட்டினாள்.

“எல்லாம் சரி டெஸ்,” என்றார் பின்வரிசையில் ஒரு கிழவர். “அந்தக் கங்காரு இப்ப எவ்வளவு உயரம்?”

கூரை அதிரச் சிரிப்பு எழுந்தது. டெஸ் காது சிவக்கத் தட்டை வாங்கிக்கொண்டான். உட்கார இடம் தேடினான். பெஞ்சுகளில் யாரும் நகரவில்லை, ஒருவர் காலை இன்னும் அகலமாக நீட்டிக்கொண்டார். கேக் தட்டில் வழுக்க அவன் வெயிலிலேயே நின்றான்.

நெரிடா வெர்னாவோடு பேச்சை நிறுத்தவில்லை. அவன் பக்கம் திரும்பவும் இல்லை. பெஞ்சில் தன் பக்கத்து இடத்தை அடைத்து வைத்திருந்த மட்டையையும் துண்டையும் எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.