ஏரிக்கு மூன்று சான்றுகள்

நார்வேயில் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில், தேடியது கிடைக்கவில்லை என்றால் வாழ்த்துகிறார்கள். பீர்க்கன்கரணைப் பக்கத்து எங்கள் ஏரியின் உபரிநீர்க் கால்வாயைத் தேடினேன். திரையில் பூஜ்ஜியம். நூலகர் இங்ரிட் கட்டைவிரலை உயர்த்தினார். "வாழ்த்துகள், ஆய்வில் யாரும் தொடாத இடம்." அந்த இடத்தில்தான் என் தங்கை கலா குடியிருக்கிறாள் என்று சொல்ல நினைத்து, சிரித்துவைத்தேன்.

ஐம்பதை நெருங்கும் வயதில் முனைவர் பட்டத்துக்கு எழுதுகிறேன். கலாவின் தெரு முன்பு கால்வாயாக இருந்ததற்கு அச்சில் சான்று வேண்டும். இல்லையென்றால் அந்த அத்தியாயமே இல்லை. இங்ரிட் சொன்ன முறை எளியது. எங்கள் ஏரியை விட்டுவிட்டு, தாம்பரம் வட்டாரத்து ஏரிகள் என்று அகலமாகத் தொடங்க வேண்டும். ஒரு கட்டுரை அகப்பட்டதும் அதன் அடிக்குறிப்பைப் பிடித்துப் பின்னோக்கிப் போக வேண்டும். போனேன். மூன்று கட்டுரைகள் கால்வாயைக் குறிப்பிட்டன. மூன்றையும் அட்டவணையில் ஏற்றிவிட்டு நிம்மதியாக உறங்கினேன். மறுநாள் அடிக்குறிப்புகளைச் சரிபார்த்தபோது, மூன்றும் ஒரே ஆய்வேட்டைச் சுட்டின. அச்சேறாத ஏடு, தாம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருந்தது.

கலா போய்ப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டு அழைத்தாள்.

"அண்ணா, கீழ பாத்தியா? நம்ம அப்பா பேரு போட்டுக்கீது."

தகவல் தந்தவர்: கோவிந்தசாமி, விவசாயி.

நினைவு வந்தது. ஆய்வுக்காகச் சைக்கிளில் வந்த ஒரு மாணவர், "இதெல்லாம் எதுல எழுதியிருக்குங்க?" என்று கேட்டார். "என் கால்ல எழுதிக்கீது, வா சார்" என்று அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கலிலிருந்து கால்வாய் நெடுக உச்சிவெயிலில் அவரை நடத்திக் கூட்டிப்போனார். நான் பின்னால் குடையோடு போனேன். பிறகு வயலை மனையாக்கி விற்றோம். அப்பாவும் போய்விட்டார்.

ஆய்வு மேற்பார்வையாளருக்கு எழுதினேன். பதில் வந்தது: "இவை மூன்று சான்றுகள் அல்ல, ஒன்று. அதுவும் உங்கள் தந்தை. அத்தியாயத்தை நீக்குங்கள்." வேறொருவர் ஆய்வென்றால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். நீக்கினேன்.

நேற்று கலா வீடியோ அழைப்பில் வந்தாள். அங்கே மழை.

"அப்பா சொன்னா பத்தாதாண்ணா?"

"பத்தாதும்மா."

"தண்ணிக்குப் பத்துதே. அவர் காட்டுன வழியாவே வந்துகினு கீது, பாரு."

தொலைபேசியை வாசல் பக்கம் திருப்பினாள். பழுப்புத் தண்ணீர் நிலைப்படியைத் தாண்டி மெதுவாகக் கூடத்துக்குள் வந்தது. நான் நூலக மேசையில் அதைப் பார்த்துக்கொண்டே, தேடல் பெட்டியில் அப்பாவின் பெயரையும் ஊரையும் தட்டினேன்.

பூஜ்ஜியம்.

அந்தப் பக்கமாகப் போன இங்ரிட் திரையைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார்.